மைனிக்கு, மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை கழிந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு

மைனி,

ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளைக்கு ஒரு வயது முடிகிறது. அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டேன். உங்களைக் கூப்பிட மூன்று தடவை போனை எடுத்தேன், மூன்று தடவையும் வைத்துவிட்டேன். பேச ஆரம்பித்தால் ஒன்று அழுவேன், இல்லையென்றால் மறுபடியும் சண்டை பிடிப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். நம் ஆட்களில் சிலர் இதை வாசிப்பார்கள் என்று தெரியும். வாசிக்கட்டும். அன்று நான் கத்தியதையும் அவர்கள் எல்லாரும் கேட்டார்கள்தானே.

அந்த ஒரு வார்த்தையை மட்டும் இங்கே எழுத மாட்டேன். நான் சொன்னேன், நீங்கள் கேட்டீர்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

கண்ணை மூடினால் மண்டைக்காடுதான் வருகிறது. கடலில் கால் நனைத்துவிட்டு மணலில் நடந்து வருகிறோம். அவன் என் தோளில் தூங்குகிறான். வெயில் படாமல் உங்கள் முந்தானையை அவன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டே வருகிறீர்கள். கோயில் பக்கம் நெருங்க நெருங்க வெடி வழிபாட்டுச் சத்தம். ஒவ்வொரு வெடிக்கும் என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. முன்னால் போன ஒரு பிள்ளை வீறிட்டு அழுது அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. இவனுடைய கீழ் உதடு மட்டும் பால் குடிக்கிற மாதிரி அசைந்துகொண்டிருந்தது. "பாருங்க, என் பிள்ளைக்குப் பயமே கிடையாது" என்று நான் எல்லாரிடமும் சொன்னேன்.

நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை விலக்கி அவன் முகத்தைப் பார்த்தீர்கள். அடுத்த வெடி வரும்வரை நின்று, மறுபடியும் பார்த்தீர்கள். இமை துடிக்கிறதா என்று பார்த்திருக்கிறீர்கள். இப்போது புரிகிறது. அப்புறம் எல்லாரும் உட்கார்ந்து மண்டையப்பம் பிட்டுத் தின்றுகொண்டிருந்த இடத்தில் வைத்துக் கேட்டீர்கள்: "பிள்ளைக்குக் காது காட்டுனியா?"

ஏன் மைனி அங்கே வைத்துக் கேட்டீர்கள்? என் மாமியார் பக்கத்தில் இருந்தார்கள். இவன் அப்பா மஸ்கட்டில் இருக்கிறார், நான் அந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். ஒரு கேள்வி என்னை அங்கே என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குத் தெரியாதா? அடுக்களையில் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் அடுக்களையில் கேட்டிருந்தாலும் நான் கத்தியிருப்பேன். அதுதான் உண்மை.

என் பக்கத்தையும் கேளுங்கள். ஆறு வாரம் முந்திப் பிறந்தவன். எதை எடுத்தாலும் ஆறு வாரம் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும் என்றார்கள். அவனோ கணக்கையே முந்தினான். எட்டாம் மாதம் தவழ்ந்தான். பத்தாம் மாதம் ஆட்டுக்கல்லைப் பிடித்து எழுந்து நின்றான். பாயில் விழுந்த ஒற்றைக் கடுகைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இடுக்கி எடுத்து, என்னிடம் காட்டிவிட்டு வாய்க்குக் கொண்டுபோவான். டாட்டா காட்டுவான். இப்படி ஒரு பிள்ளைக்கு ஒரு குறை இருக்கும் என்று எந்தத் தாய்க்குத் தோன்றும்?

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, ஒன்பதாம் மாத ஊசிக்குப் போனேன். தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் போடுகிற எம்.ஆர். ஊசி போட்டு, வைட்டமின் ஏ மருந்தை வாயில் விட்டு, எடை பார்த்தார்கள். உட்காருகிறானா, தவழுகிறானா என்று செவிலியர் கேட்டார். "பேர் சொன்னால் திரும்புறானா?" என்றும் கேட்டார். பின்னால் நீளமான வரிசை. நான் "ஆமா" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை மைனி. நான் பக்கத்தில் போனால் திரும்புவான். அது பேருக்கா, என் நிழலுக்கா என்று நான் பிரித்துப் பார்த்ததே இல்லை.

கொடை முடிந்து வந்த ராத்திரி எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டு, அவன் திரும்புவதை வீடியோ எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். எவ்வளவு திமிராக அனுப்பினேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு வரி பதில் போட்டீர்கள்: "கட்டில்ல மெத்தை மேல இருக்கும்போது போட்டுப் பாரு."

மூன்று நாள் நான் அதைச் செய்யவில்லை. நாலாம் நாள் செய்தேன். கட்டிலில் உட்கார்ந்து என் வளையலை உருட்டிக்கொண்டிருந்தான். முதுகுப் பக்கம் நின்று தட்டைப் போட்டேன். தட்டு சுழன்று சுழன்று ஓய்ந்தது. அவன் வளையலை உருட்டிக்கொண்டே இருந்தான். அதுவரை அவன் திரும்பியதெல்லாம் தரையின் அதிர்வுக்கு.

விஷு கழிந்த வாரம் திருவனந்தபுரத்துக்குப் போனோம். சத்தத்துக்கு மூளையில் அலை எழும்புகிறதா என்று பார்க்கிற பெரா சோதனைக்குப் பிள்ளை தூங்க வேண்டும், அதனால் விடியற்காலையிலேயே எழுப்பி, குழித்துறையில் ரயில் ஏறியதிலிருந்து தூங்கவிடாமல் விளையாட்டுக் காட்டினேன். அங்கே போய்த்தான் தூங்கினான். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டினார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை, அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். 90 டெசிபல் வரைக்கும் அலை எழும்பவில்லை. நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல்தானாம்.

அஞ்சாம் மாதம் ஆ, ஊ என்று சத்தம் போட்டானே என்று கேட்டேன். காது கேட்காத பிள்ளையும் அந்த வயதில் அப்படிப் போடும், அதற்குப் பிறகு பா பா, மா மா என்று அடுக்குவதுதான் வராது என்றார்கள். நீங்கள் தைப்பொங்கலுக்கு வந்தபோதே "மா மா சொல்றானா?" என்று கேட்டீர்கள். நான் காபி போட எழுந்து போனேன்.

இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவன் பிறந்த இடத்தில் தந்த டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில், காது பரிசோதனையை ஆறு வாரத்தில் மறுபடி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. மஞ்சள்காமாலை, எடை, பால் என்று அலைந்த நாட்களில் அதை மறந்தேன். அங்கேயும் யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து ஆறு மாதத்துக்குள் காது கேட்கும் கருவி வைத்துவிட வேண்டுமாம். அந்தச் சீட்டு பீரோவில்தான் இருந்தது. கொடைக்குப் போன அன்றும் இருந்தது. நீங்கள் கேட்டதும் எனக்கு அந்த வரி ஞாபகம் வந்துவிட்டது. அதனால்தான் அந்த வார்த்தை வாயில் வந்தது. மன்னித்துவிடுங்கள். வேறு காரணம் சொல்ல எனக்கு இல்லை.

ஆனாலும் மைனி, இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூட நீங்கள் வந்து பார்க்கவில்லையே. அங்கன்வாடியில் ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் எடை போடுகிறீர்கள். நான் திட்டினால், அவன் என்ன செய்தான்?

முடிவு எடுத்துவிட்டோம். இப்போது கருவி மாட்டியிருக்கிறோம். மூன்று மாதம் பார்த்துவிட்டு, சத்தம் எட்டவில்லை என்றால், காதுக்குள் கருவி பொருத்துகிற காக்ளியர் ஆபரேஷன். சின்னப் பிள்ளைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. வீட்டில் எல்லாருக்கும் ஒரே மனது என்று சொல்ல மாட்டேன், அதை இங்கே எழுதவும் மாட்டேன். ஆபரேஷனோடும் தீராது. அதற்குப் பிறகு பேச்சுப் பயிற்சி வருஷக்கணக்கில். வீட்டில் ஒரு ஆள் அவனோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டுமாம். எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மட்டிப்பழம் கொண்டுவாருங்கள், நீங்கள் மசித்துத் தந்தால்தான் மிச்சம் வைக்காமல் தின்பான். பின்னால் நின்று கூப்பிட வேண்டாம். முன்னால் வந்து உட்காருங்கள். அவன் உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு, எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே "மக்களே" என்று கூப்பிடுங்கள்.