சக் டேலி சாருக்கு ஒரு லெட்டர்

டேலி சார்,

நீங்க 2009 மே மாசமே காலமாயிட்டீங்க, இது உங்க கைக்கு வராதுன்னு தெரியும், ஆனா எழுதலன்னா எனக்குத் தூக்கம் வராது. போன வாரம் ஃப்ரெண்டு ஒருத்தன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ல நீங்க கோச்சா இருந்த அமெரிக்க பாஸ்கெட்பால் டீம், அதான் 'ட்ரீம் டீம்', ஆடுற வீடியோ பார்த்துட்டு, ஜோர்டான், மேஜிக் ஜான்சன், லேரி பேர்ட் எல்லாம் ஒரே டீம்ல இருக்கும்போது கோச் எதுக்குடா, அந்த ஆளு ஒரு டைம்அவுட் கூட எடுக்கல, வாட்ச்மேன் போதுமேன்னான். சுருக்குன்னுச்சு.

அவனுக்கு பங்க்ஸடாணி தெரியாது. பிப்ரவரி 2-ஆம் தேதி ஒரு பிராணிய வெளிய எடுத்து, குளிர் எப்ப விடும்னு குறி கேக்குற பென்சில்வேனியா ஊரு, நம்ம கிளி ஜோசியம் தோத்துது போங்க. அங்க ஹைஸ்கூல் பசங்களுக்கு 1955-லேர்ந்து எட்டு வருஷம் கோச்சா இருந்தீங்க. அப்புறம் டியூக் காலேஜ்ல அசிஸ்டன்ட், 1964-ல காலேஜ் சாம்பியன்ஷிப் ஃபைனல் வரைக்கும் போய் யூசிஎல்ஏ யுனிவர்சிட்டி கிட்ட தோத்தீங்க. பாஸ்டன் காலேஜ் ரெண்டு வருஷம், பென் யுனிவர்சிட்டில ஆறு வருஷம், அங்க தொடர்ந்து நாலு தடவ ஐவி லீக்ங்கற பழைய யுனிவர்சிட்டிகளோட லீக் டைட்டில். அதுக்கப்புறம் என்பிஏங்கற அமெரிக்க புரொஃபஷனல் லீக்ல, ஃபிலடெல்ஃபியா டீம்ல திரும்பவும் அசிஸ்டன்ட், அதுவும் உங்கள விட 13 வயசு சின்னவரான பில்லி கன்னிங்ஹாமுக்குக் கீழ. நானா இருந்தா ரோஷத்துல வீட்டுக்குப் போயிருப்பேன்.

அப்புறம் கிளீவ்லேண்ட் டீமுக்கு கோச் ஆனது வேற. 41 மேட்ச், 9 தான் ஜெயிச்சுது, சீசன் முடியறதுக்குள்ள தூக்கிட்டாங்க. அந்த ஒரே சீசன்ல அந்த டீமுக்கு நாலு கோச், அதுல நீங்களும் ஒருத்தர், அவ்வளவுதான். 1983-ல டெட்ராய்ட் கூப்பிடும்போது உங்களுக்கு 52 வயசு. லேம்பியர், ராட்மன்னு ஊரே திட்டுற முரட்டுப் பசங்கள வெச்சு மேய்ச்சு 1989, 1990 ரெண்டு வருஷமும் கப் அடிச்சீங்க, அப்பவும் 'கோச் ஆஃப் த இயர்' ஒரு தடவ கூட தரல பாருங்க, எனக்கு இன்னும் ஆறல.

ஆனா என் ஃப்ரெண்டுக்குச் சொல்ல வேண்டிய கதை இதெல்லாம் இல்ல சார். ஒலிம்பிக்குக்கு முன்னாடி சான் டியாகோ பக்கம் காலேஜ் பசங்களோட ஒரு பிராக்டிஸ் மேட்ச், அதுல உங்க ட்ரீம் டீம் 62-54ன்னு தோத்துச்சு. ஜோர்டான நீங்க கொஞ்ச நேரந்தான் ஆட விட்டீங்க. வேணும்னேதான் தோக்க விட்டீங்கன்னு உங்க அசிஸ்டன்ட் ஷஷெவ்ஸ்கி பின்னாடி சொன்னாரு. "நீங்களும் தோக்கலாம்"னு அந்த ஆளுங்ககிட்ட வாயால சொன்னா எவன் கேப்பான்? ஸ்கோர்போர்ட காட்டிட்டீங்க. மறுநாள் அதே காலேஜ் பசங்கள வெச்சு செஞ்சுட்டாங்க. இந்த வித்தைய என்பிஏல கத்துக்கிட்டதா நான் நினைக்கல, தலைக்கனம் புடிச்ச பதினாறு வயசுப் பசங்கள எட்டு வருஷம் மேய்ச்சவருக்குத்தான் இது கைவரும்.

பார்சிலோனால எட்டு மேட்சும் ஜெயிச்சாச்சு. ஒலிம்பிக்ல கோச்சுக்கு மெடல் கிடையாதாமே, எனக்கு இப்பத்தான் தெரியும். டெட்ராய்ட்காரங்களாவது ரெண்டு கப்புக்காக 2-ஆம் நம்பர் ஜெர்சிய உங்க பேர்ல மேல தொங்கவிட்டிருக்காங்க.

ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுக்கு வர்றான். அந்த 62-54 கதைய சொல்லிப் பார்க்கறேன், மடங்குறானான்னு.