சொந்தக் கதை என்று தள்ளிவிடாதீர்கள்: பிஎச்.டி. நேர்காணல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பேராசிரியர்களுக்கு, வணக்கம்.

எம்.எஸ்சி. முடித்துவிட்டு உங்கள் முன்னால் வந்து உட்காரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். ஏன் யானைக்கால் நோயில் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறாய் என்று ஒரு நேர்காணலில் கேட்டதற்கு, என் மாணவி தன் அப்பாவுக்கு அந்த நோய் இருப்பதைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். "சொந்தக் கதையெல்லாம் வேண்டாம்மா, சப்ஜெக்டுக்கு வா" என்று நிறுத்திவிட்டார்கள்.

பேச விட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் தெரியுமா? அப்பாவின் காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் தங்காமல் துணியால் ஒற்றி எடுப்பது அவள்தான். இந்த நோயை உண்டாக்கும் புழுவுக்கான மாத்திரையெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகும் அவருக்குக் குளிர்காய்ச்சல் வருகிறது, வரும்போதெல்லாம் கால் இன்னும் வீங்குகிறது, அதற்கு முன்னால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்திருக்கிறது என்பதைப் பள்ளிக்கூட வயதிலேயே கவனித்தவள். அந்தப் புண் வழியாக பாக்டீரியா நுழைவதுதான் பெரும்பாலும் காரணம் என்று உங்களுக்குத் தெரியும். இது சப்ஜெக்ட் இல்லையென்றால் வேறு எதுதான் சப்ஜெக்ட்?

அப்புறம், அவர் சாப்பிட்ட அந்தப் புழு மாத்திரை, டி.இ.சி., யாரிடமிருந்து வந்தது? 1947-ல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழுவிடமிருந்து. ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சாப்பாடு உடம்பில் ஒட்டாமல் பேதியும் சோகையுமாக ஆளை உருக்கும் ஸ்ப்ரூ நோய்க்கு இரண்டு சகோதரர்களை அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர், தானும் அதில் படுத்து எழுந்தவர். கல்லீரலில் இருக்கும், சோகையைத் தீர்க்கும் பொருளைத் தேடிப் பல ஆண்டுகள் உழைத்தார். 1945-ல் அவருடைய குழு ஃபோலிக் அமிலம் என்ற பி வைட்டமினை ஆய்வகத்திலேயே தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அது மருந்தானது. அதன் செயலைத் தடுக்கும் அமினாப்டெரின் என்ற மருந்தையும் அதே குழுதான் செய்து கொடுத்தது, 1948-ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அதைக் கொடுத்துத்தான் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவாவது நோய் தணிந்ததைக் காட்டினார். சகோதரர்களின் சாவு அவருக்கு வேதியியல் கற்றுத்தரவில்லை, சரி. ஆனால் எதைத் தேட வேண்டும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை.

அப்பாவுக்கு நோய் என்பதற்காக இடம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நோய் எதிர்ப்பியலில் எவ்வளவு கடினமாக வேண்டுமானாலும் கேளுங்கள், தெரியாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். ஆனால் வீட்டில் என்ன பார்த்தாய், அதிலிருந்து உனக்கு என்ன கேள்வி வந்தது என்றும் கேட்டு, ஐந்து நிமிடம் குறுக்கிடாமல் பேச விடுங்கள். அவள் மறுபடியும் விண்ணப்பிக்கப் போகிறாள்.

அன்புடன்,
ஒரு கல்லூரி ஆசிரியை