பாறைக் கதையைப் படித்து முடித்துவிட்டேன்

பாப்பா,

போன தடவை நீ இங்கே விட்டுப் போனாயே அந்த ஆஸ்திரேலியப் புத்தகம், பிக்னிக் அட் ஹேங்கிங் ராக், அதை ஒருவழியாக முடித்துவிட்டேன். அங்கே குளிர் ஆரம்பித்திருக்குமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. ராத்திரி ரயிலில் தனியாக வராதே.

முதலில் என் சண்டை. பள்ளிக்கூடப் பெண்கள் பாறைக்கு பிக்னிக் போகிற நாள் 1900 பிப்ரவரி 14, அன்று சனிக்கிழமை என்று எழுதியிருக்கிறார் ஜோன் லிண்ட்சே. எனக்குச் சந்தேகம் வந்து விரல் விட்டே போட்டுப் பார்த்தேன், புதன்கிழமை வருகிறது. ரிட்டயர் ஆனாலும் புத்தி போகுமா. இது உண்மையா கற்பனையா என்று வாசகரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று முன்னாலேயே நழுவிவிடுகிறார் அந்த அம்மா, நிஜமாக நடந்ததுதான் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களாம். பொய் சொல்கிறவர்கள் இப்படிக் கிழமையில்தான் மாட்டுவார்கள். பத்தாம் வகுப்பில் டியூஷன் என்று சொல்லிவிட்டுப் போனாயே, அது என்ன கிழமை?

பாறையில் காணாமல் போகிற நாலு பேரில் மூன்று பேர் மாணவிகள், நாலாவது ஆள் கணக்கு டீச்சர். ஏன் கணக்கு டீச்சர், வேறு பாடமே கிடைக்கவில்லையா! சித்தன்னவாசல் டூர் போகும்போதெல்லாம் ஏழடிப்பட்டம் குகைக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம், பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு ஒரு தரம் தலை எண்ணுவேன், மற்ற டீச்சர்கள் சிரிப்பார்கள். இவர்கள் என்னடாவென்றால், வண்டிக்காரர் கடிகாரமும் டீச்சர் கடிகாரமும் பன்னிரண்டு மணிக்கு நின்றுவிட, வெயிலில் படுத்துத் தூங்கிவிடுகிறார்கள். பிறகு போலீஸ், மோப்ப நாய், தடம் பார்க்கிற பழங்குடிக்காரர் எல்லாம் வந்து என்ன பிரயோசனம்.

ஒரு வாரம் போல கழித்து அந்த மூன்று மாணவிகளில் இர்மா மட்டும் கிடைக்கிறாள். வெறுங்கால், ஆனால் பாதத்தில் ஒரு கீறல் இல்லை, அழுக்கு இல்லை. ஒன்றும் ஞாபகம் இல்லை என்கிறாள். அப்புறம் விடைபெற்றுப் போக ஒருநாள் பள்ளிக்கு வருகிறாள் பார், சிவப்புப் போர்வை போட்டுக்கொண்டு, அந்த உடற்பயிற்சி அறையில் கூடப் படித்த பெண்களே அவளைச் சூழ்ந்துகொண்டு சொல்லு, சொல்லு, என்ன நடந்தது சொல்லு என்று கத்திப் பிய்க்கிறார்கள். எனக்குப் படபடப்பாகி புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தாலும் அந்த அறையில் சொல்லியிருப்பாளா? உன் சித்தி இருக்கிறாளே, அவள் அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாக நின்றிருப்பாள். போன வாரமும் வந்து, ஏன் மாப்பிள்ளை வீடியோவில் வருவதே இல்லை என்றாள். ஷிஃப்ட் என்று சொல்லிவிட்டேன். நான் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை.

போலீஸ்காரர்கள் பெரிய பெரிய விஷயமாகத் தேடுகிறார்கள். இர்மாவைப் பார்த்துக்கொண்ட பெண்தான் உள்ளே போட்டிருந்த இறுக்குச் சட்டை இல்லை என்று பார்க்கிறாள், அதுவும் டாக்டரிடம் சொல்லாமல் வாயை மூடிக்கொள்கிறாள். பெண்கள் கண்ணுக்குத்தான் இதெல்லாம் படும். நீ அந்தப் பாறைக்குப் போய் எடுத்து அனுப்பினாயே, எல்லாமே செல்ஃபி. நல்ல போட்டோதான், பச்சை ஸ்வெட்டர் உனக்கு எடுப்பாக இருக்கிறது. கோயில் வாசலில் எங்கள் எல்லோரையும் வெயிலில் நிற்க வைத்து, இன்னொன்று, இன்னொன்று என்று எடுத்தவர் கூட வந்திருந்தால் ஒரு படமாவது தள்ளி நின்று எடுத்திருப்பார். சும்மா தோன்றியது, எழுதினேன். சனிக்கிழமை போனோம் என்றாய். சரி.

நீ காணாமல் போன மிராண்டாவைப் பற்றித்தான் பேசினாய். எனக்கு சாராதான் நெஞ்சிலேயே நிற்கிறாள், செய்யுள் மனப்பாடம் ஆகவில்லை என்று பிக்னிக்குக்கே கூட்டிப்போகாமல் விட்டார்களே அந்த அநாதைப் பிள்ளை. காணாமல் போனவர்களைத் தேடுகிற அமளியில், கூரைக்குக் கீழேயே இருக்கிற குழந்தை சாப்பிடுகிறதா தூங்குகிறதா என்று பார்க்க அந்த ஒரு பிரெஞ்சு டீச்சரைத் தவிர ஆளில்லை. கார்டியன் ஃபீஸ் கட்டவில்லை என்று தலைமை அம்மாள் விரட்டுகிறாள். கூடப் பிறந்த அண்ணன் பக்கத்து ஊரிலேயே குதிரைக்காரனாக இருக்கிறான், கடைசி வரை ஒருத்தருக்கொருத்தர் தெரியவே இல்லை. யாராவது ஒருத்தரிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் விலாசம் கிடைத்திருக்காதா. நீ வேலைக்குப் போன இடத்தில் இரண்டு வருஷத்தில் டீம் லீடர் ஆனதை நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன், நீ என்னவென்றால் மூன்று நிமிஷத்தில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். சாப்பிடு. தனியாக ராத்திரி வராதே.

கடைசி அத்தியாயத்தைப் பதிப்பகத்தில் சொன்னார்கள் என்று எடுத்துவிட்டு 1967இல் புத்தகம் போட்டார்களாம், அந்த அம்மா 1984இல் போன பிறகு, 1987இல்தான் அது தனியாக வெளிவந்ததாம். அதைப் படிக்காதே, கெட்டுப்போகும் என்றாய். நாவலுக்கு அது சரியாக இருக்கலாம். எனக்கு விடை இல்லாத கணக்கு ஆகாது, செத்து மூன்று வருஷம் கழித்து வருகிற விடையும் ஆகாது. உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது அனுப்பு, நான் அப்பாவிடம்கூடக் காட்டமாட்டேன். எது எழுதியிருந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகாது.

கீழவீட்டு வாடகை வந்துவிட்டது. மாடித் தண்ணீர்த் தொட்டி மறுபடி ஒழுகுகிறது. அப்பாவுக்கு சுகர் பரவாயில்லை.

தின்பண்டம் அனுப்பினால் அங்கே பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்பாய், அதனால் காட்டன் நைட்டி நாலும் ஒரு சால்வையும் கட்டி வைத்திருக்கிறேன். உன் அளவு மட்டும்தான் எடுத்தேன். வியாழக்கிழமை தபாலில் போடணும், எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று எழுது, பழையதுதான் என்றாலும் முழுசாக எழுது.

அம்மா