லிஸ்பன் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

விசா வந்துவிட்டது என்று கேட்டு அவ்வளவு சந்தோஷம். பார்க்க வேண்டிய இடங்கள் என்று நீ அனுப்பிய பட்டியலையும் படித்தேன். பெலேம் கோபுரம், 28ஆம் எண் டிராம் எல்லாம் சரி. ஆனால் ஓவியம் படிக்கிற உன் பட்டியலில் ஓவியர் மரியா கெய்லின் சுவர் ஓடுகள் இல்லையே! அதனால்தான் இந்தக் கடிதம்.

1914இல் போர்த்துகலின் தெற்கே, சில்வ்ஷ் என்ற ஊரில் பிறந்தவர். லிஸ்பனில் ஓவியம் படித்தார். கட்டடக் கலைஞர் ஃபிரான்சிஷ்கு கெய்ல் து அமராலை மணந்தார். விளம்பரம், குழந்தைப் புத்தகச் சித்திரங்கள் என்று பலவும் செய்தார்.

1950களில் லிஸ்பனில் மெட்ரோ கட்டினார்கள். நிலையங்களை வடிவமைத்தவர் அவர் கணவர். பணம் இறுக்கம்; சுவர்கள் மொட்டையாக நிற்கும் நிலை. அந்தச் சுவர்களுக்கு மரியா ஓடு வரைந்தார். வர்ணம் பூசிய சுவர் ஓடு, அதாவது அசுலேஜு, அந்த நாட்டில் பல நூற்றாண்டு வழக்கம். ஆனால் அந்தக் காலத்து ஓவியர்கள் பலருக்கு அது இரண்டாந்தர வேலை. கையில் தூரிகை இருக்கிறவர் ஏன் ஓட்டுப் பட்டறைக்குப் போக வேண்டும் என்ற எண்ணம். மரியா போனார். 1959 டிசம்பரில் 11 நிலையங்களோடு மெட்ரோ திறந்தது. 1972 வரை திறந்தவற்றில் 19 நிலையங்கள் அவர் கைவண்ணம்.

ஓட்டில் வரைவது எவ்வளவு சிரமம் என்று உனக்குச் சொல்ல வேண்டும். சுட்ட மண் ஓட்டின் மேல் வெள்ளை மெருகுக் கரைசலைப் பூசிக் காயவிடுவார்கள். மேற்பரப்பு மாவு போல இருக்கும். தூரிகை பட்டதும் வர்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும். கோடு பிசகினால் அழித்துத் திருத்த வழியில்லை. நீலத்துக்கு வைக்கிற கோபால்ட்டின் உண்மையான நிறம் சூளையிலிருந்து வெளியே வந்த பிறகுதான் தெரியும். பூசும்போதே சுட்ட பிறகு வரப்போகும் நிறத்தை மனதில் பார்க்கத் தெரிய வேண்டும்.

அவர் அங்கே கதை சொல்லும் படங்களைப் போடவில்லை. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் நின்று படம் பார்ப்பாரா? வடிவங்களைத் திரும்பத் திரும்ப அடுக்கினார். நடந்துகொண்டே பார்த்தாலும் கண்ணில் ஒட்டும். 1966இல் திறந்த இந்தெந்தெந்தெ நிலையத்தை அவருடைய உச்சம் என்பார்கள். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. பிற்பாடு நிலையங்களைப் பெரிதாக்கியபோது அவருடைய ஓடுகளில் பலவற்றை உடைத்துப் போட்டார்கள். ஒரு கேன்வாஸைக் கிழித்திருந்தால் ஊரே கொதித்திருக்கும். ஓடுதானே என்று விட்டுவிட்டார்கள்! ஆனாலும் சாவ் செபாஸ்தியாவ் நிலையம் 2009இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டபோது அதன் சுவர்களில் அவருடைய புது ஓடுகள் இருந்தன. அப்போது அவருக்கு வயது 95. 2012இல் காலமானார்.

போனதும் முதலில் இன்ஃபந்தெ சாந்து அவென்யூவுக்குப் போ. அங்கே படிக்கட்டை ஒட்டிய சுவரில் அவருடைய 'கடல்' என்ற ஓட்டு ஓவியம் இருக்கிறது. வெளிச்சம் இருக்கும்போதே போய்விடு. இந்தெந்தெந்தெக்கு நெரிசல் இல்லாத நேரமாகப் பார்த்துப் போ. ஒன்றிரண்டு ரயிலை விட்டாலும் பரவாயில்லை. ஓடு அருங்காட்சியகத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கிவை. எது பிடித்தது என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
அண்ணன்