சாவியை அனுப்பிவிடு

தென்காசி,
வைகாசி 3

அன்புள்ள மாப்ளே,

சுகம்தானே? தங்கச்சியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் பூட்டிக் கிடக்கும் உங்கள் வீட்டு விஷயத்தைப் போனில் எடுத்தால் ‘பார்க்கலாம்ல’ என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மளிகைக்கடை வீடு போய்விட்டது. நாம் திண்ணையில் புளியங்கொட்டை வைத்து விளையாடுவோமே, அதே வீடுதான். நாலே நாளில் முடித்துவிட்டார்கள். முதல் இரண்டு நாள் சுவரில் கைவைக்கவே இல்லை. தேக்குத் தூண், நிலை, கதவு, திண்ணையை அடுத்த தார்சாவில் இருந்த மரக் கம்பி அழி, மச்சுக் கட்டை என்று ஒவ்வொன்றாகக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். காரைக்குடிப் பக்கம் பழைய மரச்சாமான் கடைக்குப் போகிறதாம். அப்புறம்தான் ஜேசிபி வந்தது. வாங்கியவருக்கு வேண்டியது மரமும் மனையும்தான். இப்போது தகரம் அடித்து அடைத்துப் போட்டிருக்கிறார்கள். ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் அந்தப் பக்கம் கும்மிருட்டு.

அந்த வீட்டை விற்றுக்கொடுத்த தரகர் என் கடைக்கு வந்து உன் நம்பரைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. உன்னைக் கேட்காமல் மறுத்தது தப்பு என்றால் மன்னித்துக்கொள்.

பழையது என்பதற்காக மட்டும் நான் மாரடிக்கவில்லை. நான் பாத்திரக்கடைக்காரன், எனக்குத் தெரு என்பது வியாபாரம். கல்யாணச் சீர் வாங்க வருகிறவர்கள் குத்துவிளக்கு ஒன்றுக்காக மட்டும் நம் தெருவுக்கு வருவதில்லை. சாமி கும்பிட்டு, பூ வாங்கி, ரவிக்கைத் துணி எடுத்து, ஒரு காபி குடித்து, அப்புறம்தான் என் கடைப் படியேறுவார்கள். இடையில் இரண்டு வீடு பூட்டிக் கிடந்தால் நடக்கிற கால் அங்கேயே திரும்பிவிடுகிறது. உங்கள் தாத்தா ஜவுளிக்கடை நடத்திய காலத்தில் என் அப்பாவுக்குப் பாதி வியாபாரம் உங்கள் கடைக்கு வந்தவர்களால்தான். அப்பா சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நம் காசி விஸ்வநாதர் கோயிலின் 2025 ஏப்ரல் குடமுழுக்குக்கு நீ வரவில்லை. கூட்டம் தாங்கவில்லை. அன்றைக்குக் கோபுர வாசலில் பொதிகைக் காற்று தள்ளத் தள்ள நின்றுகொண்டு, பராக்கிரம பாண்டியன் கல்வெட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தமிழய்யா நம்மை மனப்பாடம் செய்ய வைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? 1446-இல் இந்தக் கோயிலைக் கட்டத் தொடங்கிய ராஜா, பின்னால் இதற்கு ஒரு குறை வந்து அதை யார் சரிசெய்து காப்பாற்றினாலும் அவர்களை உலகம் அறியப் பணிகிறேன் என்று பாட்டாக வெட்டி வைத்திருக்கிறான். ‘இடிப்பவன் நாசமாய்ப் போவான்’ என்று சாபம் எழுதிய கல்வெட்டுகள் ஏராளம். இவனோ பழுது பார்க்கப்போகிறவன் காலில் முன்கூட்டியே விழுந்துவிட்டான். நாம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே பிளந்து மொட்டையாகிப்போன கோபுரத்தை 1990-இல் ஒன்பது நிலையாகத் திரும்ப எழுப்பினார்களே, அந்தக் கும்பிடு அவர்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

கோபுரத்துக்கு ஊரே சேர்ந்தது. தெருவுக்கு அப்படி யாரும் சேரவில்லை. தெருவைக் காப்பாற்றியது இத்தனை நாளும் தேர்தான். மாசித் தேர் திரும்ப இடம் வேண்டும் என்பதால் ரத வீதியில் எவரும் திண்ணையை ஒரு சாணுக்கு மேல் நீட்டத் துணியவில்லை. வீட்டுக்குள்ளே நடப்பதைத் தேர் என்ன செய்யும்?

என் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்பா காலமான பிறகு, சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது என்று தெருப்பக்கச் சுவரைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினேன். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. மூன்றாவது சாரல் சீசனிலேயே உள்சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறிவிட்டது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். சிமெண்ட் அதற்கு வழிவிடாது. உள்ளே அடைபட்ட ஈரம் செங்கல்லையே மாவாக்கிவிடும். போன வருஷம் ஒரு வயதான கொத்தனாரைத் தேடிப் பிடித்து அதை முழுக்க உரித்தேன். சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசினார். சிமெண்டைவிடச் செலவு கூடத்தான். ஆனால் போன ஐப்பசி மழையில் பட்டாசல் கூடத்துச் சுவரில் கைவைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. என் வீட்டுக்காரி அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

அந்தக் கொத்தனாருக்குக் கீழே இப்போது இரண்டு பையன்கள் வேலை பழகுகிறார்கள். தெருவில் இன்னும் நாலு வீட்டு வேலை கிடைத்தால்தான் அவர்கள் இந்தத் தொழிலில் நிற்பார்கள். இல்லையென்றால் திருப்பூருக்குப் போய்விடுவார்கள், அந்தக் கையோடு அந்த வேலையும் போய்விடும்.

ரோடு கதை உனக்குத் தெரியும். போட்ட தாருக்கு மேலேயே தார் போட்டு, உன் வீட்டு மூன்று படியில் இப்போது ஒன்றுதான் வெளியே தெரிகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-லேயே அரசு உத்தரவு இருக்கிறது. அடுத்த முறை ரோடு போட வரும்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருக்காரர்கள் பத்துப் பேர் நிற்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.

மகளைப் பார்க்கப் புதுச்சேரி போயிருந்தபோது வைசியாள் வீதியில் நடந்தேன். கடற்கரைப் பக்கத்து மஞ்சள் பங்களாக்கள் இல்லை. திண்ணையும் தாழ்வாரமும் உள்ள நம்மைப் போன்றவர்களின் தமிழ் வீடுகள். ஒரு வீட்டை மட்டும் அருங்காட்சியகமாக்காமல் தெருவின் முகப்பையே சேர்த்துச் சீர்செய்திருக்கிறார்கள். 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்த வேலை அது. ஒரு திண்ணையில் பாட்டி ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எனக்கு விருதைவிட அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பட்டா இன்னும் உங்கள் தாத்தா பெயரில் இருக்கிறது, பங்காளிகள் ஐந்து பேர், ஒருவருக்கொருவர் பேச்சில்லை. இப்படித்தான் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, கூரை ஒழுகுகிறது, கடைசியில் தரகர் சொல்கிற விலைக்கு எல்லாரும் சம்மதிக்கிறீர்கள். விற்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஐந்து வருஷம் மட்டும் பொறுங்கள் என்று கேட்கிறேன். தார்சாவையும் திண்ணையையும் தையல்கடைக்குக் கேட்டு ஒரு பெண் வந்திருக்கிறாள். பின்கட்டில் அவள் குடும்பமும் குடியிருக்கும். அதுதான் முக்கியம். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குச் சீசன் லாட்ஜாக விட்டால் வாடகை இரண்டு மடங்கு கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் சீசன் முடிந்தால் மறுபடியும் பூட்டுதானே? வருகிற வாடகை முழுவதும் மச்சுக்கும் சுவருக்கும் போகட்டும். கணக்கை நான் எழுதி மாதாமாதம் ஐந்து பேருக்கும் அனுப்புகிறேன். உன் அண்ணனிடம் நானே போய்ப் பேசுகிறேன், என்னைத் திட்டினால் திட்டட்டும்.

நேற்று என் மொட்டைமாடித் தட்டட்டியிலிருந்து உன் வீட்டை எட்டிப் பார்த்தேன். மச்சில் ரெண்டாங்கட்டுக்கு மேலே அரசங்கன்று ஒன்று முளைத்து முழங்கால் உயரம் நிற்கிறது. வேர் இன்னும் உத்தரம்வரை போயிருக்காது என்கிறார் கொத்தனார். சாரல் தொடங்க ஒரு மாதம்கூட இல்லை. சாவியை இந்த வாரமே கூரியரில் அனுப்பிவிடு. புறவாசல் சாவியையும் சேர்த்து.

இப்படிக்கு,
உன் பக்கத்து பெஞ்சுக்காரன்