ரயில் பெட்டியில் தொத்தோ

அன்புள்ள கண்ணு,

ரோமில் உன்னோடு வேலை பார்ப்பவர்கள் ஏதோ ரயில் பெட்டிக் காட்சியைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள், எனக்கு மட்டும் புரியவில்லை என்றாயே. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டேன். ஸ்டெனோ இயக்கிய 'தொத்தோ ஆ கொலோரி' ('வண்ணத்தில் தொத்தோ'), 1952. தொத்தோ அவர்கள் நாட்டுப் பெரிய நகைச்சுவை நடிகர். இத்தாலியில் முதன்முதலாக வந்த வண்ணப் படங்களில் ஒன்று.

அதில் கதையைத் தேடாதே. பெரிய இசையமைப்பாளர் ஆகிவிடுவோம் என்று நம்பும் சின்ன ஊர் ஆள், மிலான் பதிப்பாளரின் அழைப்புக்காகக் காத்திருக்கிறான். அவ்வளவுதான். அந்த ஆளாக வரும் தொத்தோ மேடையில் கைதட்டல் வாங்கிய நகைச்சுவைத் துண்டுகளைக் கோக்க ஒரு நூல்.

போட்டோ ஸ்டூடியோ வைத்துப் பிழைத்தவன் ஆயிற்றே, என் கண் முதலில் வெளிச்சத்துக்குத்தான் போனது. ஃபெரானியா கலர் என்ற அவர்கள் நாட்டு ஃபிலிம். வெளிச்சத்தை வாங்கும் வேகம் ரொம்பக் குறைவு, அதனால் விளக்குகளை வாரி இறைத்திருக்கிறார்கள். நம் கடையில் இரண்டு விளக்குக்கே கல்யாணப் பெண்களுக்கு வேர்த்துக் கொட்டும். தொத்தோவுக்கு அப்போதே ஒரு கண் தெரியாது. 1957-ல் மற்றதும் ஏறக்குறையப் போய்விட்டது. விளக்குதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த வெளிச்சத்தில் அவர் பினோக்கியோ என்ற கதை மரப்பொம்மையாகக் கை கால் கழன்றதுபோல் ஆடும்போது, சிரிப்போடு ஒரு சங்கடமும் வந்தது. வண்ணம் நிஜமாகவே பயன்பட்டிருப்பது அந்த இடத்தில்தான்.

ரயில் காட்சிக்கு வண்ணமே வேண்டாம். படுக்கை வசதிப் பெட்டி, இரண்டு பேர். கூட இருப்பவர் நாடாளுமன்ற உறுப்பினர் திரொம்பெத்தா. பதவியைச் சொன்னால் தொத்தோ நம்புவதில்லை. பெயரைச் சொன்னால் கேலி, திரொம்பெத்தா என்றால் சின்ன ஊதுகுழல் ஆயிற்றே. கடைசியில் பெட்டி படுக்கையெல்லாம் சன்னல் வழியே வெளியே பறக்கிறது. 1940-களில் மேடையில் சில நிமிடத் துண்டாகத் தொடங்கி, இரவுக்கு இரவு நீண்டு வளர்ந்தது இது. ஜனங்கள் எங்கே சிரிப்பார்கள், எவ்வளவு நேரம் சிரிப்பார்கள் என்று பார்த்துப் பார்த்துச் செதுக்கியது, அதனால்தான் இன்னும் நிற்கிறது என்பேன். முசோலினி காலம் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டிருந்தவர்களுக்கு, பெரிய மனிதர் ஒருவர் இப்படி வாங்கிக் கட்டிக்கொள்வதைப் பார்க்க எப்படி இருந்திருக்கும்!

எல்லோரும் தொத்தோவையே பார்ப்பார்கள். நீ திரொம்பெத்தாவாக வரும் மரியோ காஸ்தெல்லானியைக் கவனி. கோபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார் மனுஷன். அவர் இல்லாவிட்டால் அந்தக் காட்சி பாதிதான்.

காப்ரித் தீவுப் பகுதி இழுவை, ஓட்டிவிடு. உன் அம்மா அங்கேயே தூங்கிவிட்டாள், ரயிலுக்கு எழுப்பினேன். ஒரு வார்த்தை இத்தாலியன் தெரியாமல் அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டுவிட்டார்கள்.

அப்பா