வேலிகள் போய் மதில்கள் வந்த ஊர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் பிறந்து, போரினால் 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு ஊரோடு ஊராக நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து, பின்னர் ரொறன்ரோவில் குடியேறியவர்களில் நானும் ஒருவன். நெடுங்காலத்துக்குப் பிறகு அண்மையில் ஊர் சென்று ஆறு வாரங்கள் தங்கியிருந்தேன். சென்ற தடவை பஸ்ஸில் வந்த நான், 2014இல் யாழ்ப்பாணம் வரை மீண்டுவிட்ட ரயிலில் இம்முறை வந்து இறங்கினேன். வீதிகள் அகன்றிருக்கின்றன, பிள்ளைகள் அச்சமின்றிப் பள்ளிக்கூடம் போகிறார்கள். இவற்றைக் கண்டு மனம் நிறைந்தது. ஆயினும் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியதும் வழி தவறிவிட்டதோ என்று நின்றுவிட்டேன். இரு பக்கமும் ஆளுயர மதில்கள். எது யாருடைய வளவு என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை.

நான் வளர்ந்த காலத்தில் அந்த ஒழுங்கையின் இரு புறமும் கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக, அதாவது நட்டுத் துளிர்த்த வேலிக்கம்புகளாக, நின்றன. அவற்றுக்கிடையே கிடுகோ (பின்னிய தென்னோலை) பனையோலையோ வைத்து ஆண்டுக்கொருமுறை வேலியடைப்பார்கள். அது ஒரு வீட்டு வேலையாக மட்டும் இருந்ததில்லை. உட்புறம் ஒருவரும் வெளிப்புறம் ஒருவருமாக நின்று குத்தூசி கோத்து வாங்க வேண்டியிருந்ததால், அயலவரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கூட அன்றைக்குப் பேசியே ஆகவேண்டும். வெட்டிய குழை ஆட்டுக்கும் தோட்டத்து மண்ணுக்கும் போனது, உக்கிய கிடுகு அடுப்புக்கோ தென்னையின் அடிக்கோ போனது. எதுவும் வீணாகவில்லை.

அந்த வேலிகளில் பொட்டு இருந்தது. இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு வளவிலிருந்து மறு வளவுக்குக் குனிந்து போய்வர வேலியில் விடப்பட்ட சிறு இடைவெளிதான் பொட்டு. எங்கள் அம்மம்மாவின் வளவு மூன்று பெண்மக்களுக்கும் சீதனமாகப் பிரிக்கப்பட்டபோது எல்லைகளில் வேலி வந்தது. ஆனால் ஒவ்வொரு வேலியிலும் ஒரு பொட்டும் விடப்பட்டது. பெரியம்மா வீட்டுக் கறிச்சட்டி அதனூடாக எங்கள் வீட்டுக்கு வரும், எங்கள் வீட்டுக் காய்ச்சல்காரப் பிள்ளை அதனூடாக அம்மாவின் தங்கை குஞ்சம்மாவின் மடிக்குப் போகும். நிலம் பிரிந்தபோதும் குடும்பம் பிரியாமல் இருந்ததற்கு, என் கண்ணுக்கு, அந்த ஒன்றரை முழ இடைவெளி பெரிய காரணம்.

இன்று அந்த மூன்று வீடுகளில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அதன் உரித்தாளர்கள் இலண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். இன்னொன்றில் என் மச்சாளின் குடும்பம். மூன்றாவதில் குஞ்சம்மா, வயது எண்பதைக் கடந்து, தனியாக. கடந்த ஆண்டு ஒரு காலையில் அவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவர் கூப்பிட்ட குரல் மச்சாளுக்குக் கேட்டது, ஆனால் நடுவில் ஏழடி மதில். மச்சாள் ஒழுங்கையால் சுற்றி ஓடிவந்தால் இரும்புக் கேற் உள்ளே பூட்டியிருந்தது. கடைசியில் பக்கத்து வளவில் மேசன் வேலை செய்துகொண்டிருந்த பொடியன் ஏணி வைத்து ஏறிக் குதித்துத்தான் கதவைத் திறந்தான். பத்தடி தூரத்தில் இருந்தவர் வந்து சேர அரை மணித்தியாலம் பிடித்தது.

அந்த மதிலைக் கட்டப் பணம் அனுப்பியவன் நான். 2016இல் ஊரில் களவு கூடிவிட்டதென்று கேள்விப்பட்டு, தனியே இருக்கும் குஞ்சம்மாவுக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நானே வற்புறுத்திக் கட்டுவித்தேன். பொட்டு இருந்த இடத்தையும் சீமெந்துக் கல் வைத்து அடைத்துவிடச் சொன்னதும் நான்தான். வேண்டாம், மனுசர் போய்வர வழி வேணும் என்று அவர் தொலைபேசியில் சொன்னதை நான் கேட்கவில்லை.

ஆகவே மதில் கட்டுவோரைக் குறைகூற எனக்கு உரிமையில்லை; அவர்களின் நியாயமும் எனக்குத் தெரியும். கிடுகு விலையேறிவிட்டது, வேலியடைக்க ஆள் கிடைப்பதில்லை. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளுக்கு ஈடாகப் பனைகள் இன்னும் வளர்ந்து முடியவில்லை. இடப்பெயர்வு முடிந்து திரும்பியவர்கள் பலர் தம் எல்லைக் கதியாலையே காணாமல் அலைந்தார்கள். அப்படி அலைந்தவர் கல்லால் எல்லை போட விரும்புவது இயல்பு. வேலியை விரலளவு விரலளவாக அரக்கி, அண்ணன் தம்பி நீதிமன்றம் ஏறிய கதைகளும் எங்கள் ஊரில் உண்டு. வேலிக்காலம் முழுவதும் ஒற்றுமைக்காலம் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் மதில் மனிதரை மட்டும் மறிக்கவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லூடாக இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின் மேல் நன்னீராகத் தங்கி நிற்பதால்தான் எங்கள் கிணறுகள் இனிக்கின்றன. அந்த மழைநீர் வளவுக்கு வளவு வேலியடியால் ஊர்ந்து குளத்துக்கும், மிஞ்சியது மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. போகிற வழியெல்லாம் நிலத்துக்குள்ளும் இறங்கியது. 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த பெருமழையின் வெள்ளம்கூட மழை விட்டதும் எங்கள் ஒழுங்கையிலிருந்து விரைவாக வடிந்துவிட்டதாகக் குஞ்சம்மா சொல்கிறார். 2024 நவம்பர் மழைக்கோ, ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்டு உயர்த்தி இரு பக்கமும் மதிலும் எழுந்துவிட்ட நிலையில், தாழ்ந்த வளவுகளுக்குள் நாட்கணக்கில் தண்ணீர் நின்று மலசலகூடக் குழியும் கிணறும் ஒன்றாகிவிட்டனவாம்.

2025 மே மாதத் தேர்தலின் பின் எங்கள் பிரதேச சபைகளில் மக்கள் தெரிந்த உறுப்பினர்கள் மீண்டும் அமர்ந்திருக்கிறார்கள். மதிலுக்கு அனுமதி வழங்கும்போது, பழைய வெள்ளவாய்க்கால் எங்கே ஓடியது என்று அயலில் உள்ள முதியவர்களிடம் கேட்டறிந்து, அந்த இடத்தில் மதிலின் அடியில் நீர் போக வழிவிடுவதை ஒரு நிபந்தனையாக்குமாறு அவர்களைப் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். வீதிப் பக்கத்துக்கு மதில் வேண்டுமென்றால் இருக்கட்டும். பின்புறத்திலும் உறவினரின் வளவுப் பக்கத்திலுமாவது கதியால் வேலி நிற்கலாமே. என்னைப் போல வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பது, அனுப்புமுன் அந்த வீட்டில் இருப்பவரிடம் அவருக்கு என்ன வேண்டுமென்று கேளுங்கள் என்பதே. அங்கே வாழப்போகிறவர் அவர்.

புறப்படுவதற்கு முந்திய வாரம் மேசனை அழைத்து, பொட்டு இருந்த அதே இடத்தில் மதிலை உடைத்து ஒரு சிறு படலை வைப்பித்தேன். அதற்குப் பூட்டு வைக்கவில்லை. குஞ்சம்மா இப்போது ஊன்றுகோலோடுதான் நடக்கிறார். படலை வைத்த அன்று மாலை அதைத் தானே திறந்து மச்சாள் வீட்டுக்குப் போய், ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தார். வரும் ஐப்பசி மழையோடு பின்பக்கத்தில் பூவரசங் கதியால் நடுவதாக மச்சாளின் மகன் சொல்லியிருக்கிறான்.

இங்ஙனம்,
வலிகாமத்தைச் சேர்ந்த ஒரு வாசகர்,
ரொறன்ரோ.